வெள்ளென விழிக்கும் பிள்ளை: நேரத்தை மாற்றுவதா, அறையை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா?

"ராத்திரியெல்லாம் நல்லாத்தான் தூங்குறான்க்கா. நாலரை ஆச்சுன்னா முழிச்சிடுறான். அதுக்கப்புறம் என்ன செஞ்சாலும் படுக்க மாட்டேங்கிறான்."

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கூடவே கேள்விகளும் வருகின்றன. ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போடவா, பகல் தூக்கத்தைக் குறைக்கவா, தூளியிலேயே ஆட்டிக்கொண்டு கிடக்கவா, இல்லை நானும் எழுந்து உட்கார்ந்துவிடவா? அம்மாச்சி ஒன்று சொல்வார், எதிர்வீட்டு மதினி வேறொன்று சொல்வார், செல்போனில் வரும் வீடியோ மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்த்து, எது பலித்தது என்றே தெரியாமல் களைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் ஐந்து வழிகளைத் தனித்தனியாக எடுத்து, எது எந்த வீட்டுக்குப் பொருந்தும், எதில் என்ன இழப்பு என்று பார்க்கலாம்.

## முதலில் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாலு நாளைக்கு, குழந்தை எப்போது கண் மூடியது, எப்போது விழித்தது என்று மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவையுங்கள். பகல் தூக்கமும் சேரும். பஸ்ஸில் மடியில் அசந்த இருபது நிமிடமும் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 24 மணி நேரத்தில் 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், 1 முதல் 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரமும் தூக்கம் வேண்டும்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் எட்டு மாதக் குழந்தை, இரண்டும் 4.45க்கு விழிக்கிறது. முதல் வீட்டில் மாலை 7.30க்கே தூங்கிவிடுகிறது. இரவில் ஒன்பதேகால், பகலில் மூன்று, ஆகப் பன்னிரண்டேகால் மணி நேரம். இதற்குத் தூக்கம் குறையவில்லை, வீட்டை விட இது முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வீட்டில் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை டிவி ஓடுகிறது, குழந்தை 10 மணிக்குத்தான் படுக்கிறது. இரவில் ஆறே முக்கால், பகலில் இரண்டரை, மொத்தம் ஒன்பதேகால். இதற்கு உண்மையிலேயே தூக்கம் பற்றவில்லை. முதல் குழந்தையைக் கொஞ்சம் தாமதமாகப் படுக்க வைத்தால் பலன் உண்டு. இரண்டாவது குழந்தையை அப்படிச் செய்தால் அது இன்னும் வெள்ளென எழுந்து, இன்னும் அழும். கணக்கு எழுதாமல் யோசனை கேட்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஏன் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்? இரவின் முதல் பாதியில் குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது. பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பெல்லாம் அதிகாலைக்குள் தீர்ந்துவிடும். தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இறங்கத் தொடங்கும், விழிக்க வைக்கும் கார்ட்டிசால் ஏறத் தொடங்கும். உடம்புச் சூடும் அப்போதுதான் குறைந்திருக்கும். ஒரு மணிக்குக் குழந்தையை அசைக்காத சத்தம் நாலரைக்கு எழுப்பிவிடுவது இதனால்தான்.

இன்னொன்று. வெள்ளென விழிப்பதற்கு வெயிலைக் காரணம் சொல்லும் ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. லண்டனில் ஜூன் மாதம் 4.45க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், அங்கே தடித்த திரை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மதுரையில் மே கடைசியில்கூட சூரியன் உதிக்க 5.55 ஆகும், ஜனவரி கடைசியில் 6.40ஐ நெருங்கும். நாலரைக்கு விழிக்கும் குழந்தையை நம் ஊரில் சூரியன் எழுப்பவில்லை. வீடும் தெருவும்தான் எழுப்புகின்றன.

நம்பிக்கை வராவிட்டால், ஒரு நாள் நாலேகால் மணிக்கு, குழந்தை படுக்கும் இடத்தில் அதன் உயரத்திலேயே நீங்கள் படுத்துப் பாருங்கள். கதவுக்கு மேலே இருக்கும் வெண்டிலேட்டர் கண்ணாடி வழியாகத் தெருவிளக்கு எதிர்ச் சுவரில் சதுரமாக விழுந்திருக்கும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கும். குழாயடியில் எவர்சில்வர் குடம் சிமெண்ட் தரையில் இடிபடும். பால் பைக், வாசல் தெளிக்கிற சத்தம், அப்புறம் நம் வீட்டிலேயே யாரோ ஹாலில் டியூப்லைட்டைப் போட, கதவிடுக்கில் வெள்ளைக் கோடு விழும். மார்கழியிலும் ஆடியிலும் கோயில் ஒலிபெருக்கி இதோடு சேரும். பங்குனி, சித்திரையில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால், அந்த அமைதியே எழுப்பிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது குழந்தையின் வயது. ஆறு மாதத்துக்குக் கீழே அதிகாலைப் பசி உண்மையான பசி. பழக்கம் என்று பெயர் வைத்து அதை மறுக்கக் கூடாது. இரண்டாவது பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. மூன்றாவது வீட்டின் அமைப்பு: தனி அறை உண்டா, சுவரொட்டிய வீடா, மாமனார் மாமியாரோடு இருக்கிறீர்களா, வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடுவார்களா. நாலாவது, பலன் தெரிய எத்தனை நாள், அதுவரை யார் தாங்குவது.

ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாய்க்கு எத்தனை மணி நேரத் தூக்கம் மிஞ்சுகிறது? குழந்தை ஆறு மணி வரை தூங்கிவிட்டது, ஆனால் அதற்காக அம்மா நாலு மணியிலிருந்து உட்கார்ந்து தூளியை ஆட்டினாள் என்றால், அந்த வழி பலித்ததாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

## வழி 1: குழந்தையின் நேரத்துக்கு வீடே மாறுவது

குழந்தை 7.30க்குத் தூங்கி 4.45க்கு எழுந்தால், நீங்களும் ஒன்பதுக்குப் படுத்து அதோடு எழுவது. பல வீடுகளுக்கு இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம். சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, காரணம் இதில் குழந்தையை "சரிசெய்வது" எதுவும் இல்லை.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், கருக்கலிலேயே வேலை தொடங்கிவிடும். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள், டீக்கடை, இட்லிக்கடை போடுகிறவர்கள், மாட்டுத்தாவணிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே அந்த நேரத்தில் எழுந்து நடமாடுகிறார்கள். அங்கே குழந்தையை மட்டும் ஆறு மணி வரை தூங்க வைக்கப் போராடுவது வீட்டோடு மல்லுக்கு நிற்பது போலத்தான். நாலு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் இது பொருந்தும். உடம்புக்குள் இரவு பகல் ஒழுங்கு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும், அதை நேரத்தில் நிறுத்தப் பார்ப்பது வீண்.

இதன் மறைவான செலவு மாலையில் தெரியும். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்பும் அப்பா குழந்தையைக் கண் விழித்துப் பார்ப்பதே வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிடும். ராத்திரி தோசை சுட்டு, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடை துடைத்து முடிக்கப் பத்தரை ஆகும் வீட்டில், தாய் ஒன்பதுக்குப் படுப்பது பேச்சளவில்தான் நிற்கும். அந்த வேலையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால்தான் இந்த வழி நடக்கும். அதைப் பேசி முடிக்காமல் "குழந்தையோட எந்திரிச்சுக்க" என்று சொல்வது, தாயின் தூக்கத்தை மட்டும் வெட்டும் யோசனை.

## வழி 2: அறையை மாற்றுவது

இருட்டு, ஒரே சீரான ஒலி, சரியான காற்று. மூன்றில் நம் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒலி, அடுத்தது காற்று, கடைசியாகத்தான் இருட்டு.

சத்தத்தை நிறுத்த முடியாது, ஆனால் மறைக்கலாம். மின்விசிறியின் இரைச்சலே போதும். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த ஒரு டேபிள் ஃபேன், குடம் இடிபடும் சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும். செல்போனில் மழைச் சத்தம் போடுகிறவர்கள் அதைத் தலைமாட்டில் வைக்கக் கூடாது. குழந்தையிடமிருந்து 2 மீட்டருக்காவது தள்ளி, பெரியவர்கள் சாதாரணமாகப் பேசும் அளவுக்கும் குறைவாக வைக்க வேண்டும். இரவு முழுக்க ஓடாமல் மூன்று மணிக்கு நின்றுவிட்டால் பயனில்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மின்வெட்டு நாட்களில் இது கைகொடுக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்று விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மச்சு, நள்ளிரவு வரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்போது குழந்தையைத் துணியைக் கழற்றி, ஃபேனுக்கு நேர் கீழே போடுகிறோம். நாலு மணிக்கு மச்சு ஆறிவிடுகிறது, ஃபேன் மட்டும் அதே வேகத்தில் சுற்றுகிறது. ஈரமான இடுப்புத்துணியோடு குளிர்ந்து போன குழந்தை விழிக்காமல் என்ன செய்யும்? ஃபேனுக்கு நேர் கீழிருந்து ஒரு முழம் தள்ளிப் படுக்க வைப்பதும், கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போடுவதும், துணி கட்டுகிற வீடு என்றால் படுக்கப் போகும்போது ஒரு முறை மாற்றுவதும், கார்த்திகை முதல் தை வரை பெரிய வித்தியாசம் காட்டும். ஒரு வயதுக்குள் கனத்த போர்வையும் தலையணையும் வேண்டாம். மூச்சு அடைக்கும், உடம்பும் சூடாகும். மல்லாக்கப் படுக்க வைத்து, தட்டையான கெட்டியான படுக்கையில் விடுவதுதான் பத்திரம்.

இருட்டுக்கு விலை உயர்ந்த திரை தேவையே இல்லை. வெண்டிலேட்டர் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டினால் தெருவிளக்கு நின்றுவிடும். கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைக்கலாம். இரவில் வெளிச்சம் வேண்டியிருந்தால் வெள்ளை எல்இடிக்குப் பதிலாகச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. ஆனால் ஜன்னலை அடைத்துத் திரை போட்டால் சித்திரை, வைகாசியில் அறை வெந்துபோகும், அந்தப் புழுக்கமே குழந்தையை எழுப்பும். ஏசி இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்சாரத்தின் கட்டண விகிதமே மாறிவிடும், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் அல்ல. தொட்டில் மேலோ கொசுவலை மேலோ கறுப்புத் துணியை மூடி இருட்டாக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. காற்று தேங்கி உள்ளே சூடேறும், அதைச் செய்யவே கூடாது.

பலன் இருந்தால் நாலைந்து நாளில் தெரிந்துவிடும். தெருவை ஒட்டிய கீழ்த்தள வீடு, கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ அருகில் உள்ள வீடு, ஒரே நேரத்துக்கு டான் என்று விழிக்கும் குழந்தை ஆகியோருக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். தினமும் வெவ்வேறு நேரத்தில் விழிக்கிறது என்றால் அறையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

## வழி 3: தூக்க நேரங்களை நகர்த்துவது

காசு செலவில்லாதது. பொறுமைதான் முழுக்கச் செலவாகும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு, நீடித்துப் பலன் தருவது இதுவே என்று நினைக்கிறேன்.

பிடிக்க வேண்டிய நூல் முனை, காலையின் முதல் குட்டித் தூக்கம். நாலரைக்கு எழுந்த குழந்தை ஆறரைக்குக் கண்ணைக் கசக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, உடனே தூளியில் போட்டுவிடுவார்கள், அது ஒன்றரை மணி நேரம் தூங்கும். உண்மையில் அது பகல் தூக்கமே இல்லை, இரவுத் தூக்கத்தின் மிச்சம். மிச்சத்தை ஆறரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், நாலரைக்கு எழுவதை அது விடாது. அந்தத் தூக்கத்தை இரண்டு நாளுக்கொரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே போய், எட்டு மாதக் குழந்தை என்றால் எட்டு, எட்டரைக்குக் கொண்டுவர வேண்டும். வாசலில் காக்காய் காட்டியும், துணி காயப்போடும்போது இடுப்பில் வைத்துக்கொண்டும்தான் அந்த நேரத்தை ஓட்டியாக வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் கண்ணில் படும் பளிச்சென்ற விளக்கு, உடம்பின் கடிகாரத்தை மேலும் முன்னால் இழுக்கும், மறுநாளும் அதே நேரத்துக்கு எழுப்பும். அதனால் நாலரைக்கு விழித்தாலும் ஆறு மணி வரை இருட்டிலேயே வைத்திருங்கள். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் மங்கல் விளக்கில். விளையாட்டும் செல்போனும் வேண்டாம். ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து, "விடிஞ்சிருச்சுடா" என்று சொல்லி வெளியே தூக்கி வாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மொட்டை மாடியிலோ தெப்பக்குளத்து ஓரத்திலோ இயற்கை வெளிச்சத்தில் அரை மணி நேரம் இருந்தால், படுக்கும் நேரம் கொஞ்சம் பின்னால் நகரும்.

இரவு நேரத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதற்கு மேலே எழுதிய கணக்குதான் விடை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் முதல் வீட்டுக் குழந்தையைப் படுக்க வைக்கும் நேரத்தை மூன்று நாளுக்கொரு முறை கால் மணி நேரம் தள்ளலாம். பத்து மணிக்குப் படுக்கும் இரண்டாவது வீட்டுக் குழந்தையை எட்டரைக்கு இழுக்க வேண்டும். "வெள்ளென படுக்கப் போட்டா இன்னும் வெள்ளென எந்திரிக்காதா?" என்று அப்பத்தா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அளவுக்கு மீறிக் களைத்த குழந்தையின் தூக்கம் அடிக்கடி உடையும், களைப்புத் தீர்ந்தால்தான் நீளும்.

இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கிடையில் ஒரு காதுகுத்து, ஒரு கிடாவெட்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரவோடு இரவாகக் கிளம்பியது என்று வந்தால் எல்லாம் கலைந்துவிடும், மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். விசேஷம் அடுக்கி வரும் மாதத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாவிட்டாலும் நடக்காது. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் பாசத்தோடு தூளியில் போட்டுவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை, கண்ணைக் கசக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்?

## வழி 4: பால் கொடுத்தோ தூளி ஆட்டியோ மீண்டும் தூங்க வைப்பது

இன்றைக்கே பலிக்கும் வழி. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அதிகாலைப் பாலை யோசிக்காமல் கொடுங்கள். காய்ச்சல், தடுப்பூசி போட்ட மறுநாள், பல் முளைக்கும் நாட்கள், ஊருக்குப் போன இடம், இங்கெல்லாம் எந்த வயதிலும் இதுவே சரி.

அதற்கு மேல் போனால் செலவு கூடுகிறது. ஆட்டினால்தான் தூக்கம் என்று பழகிய குழந்தை, ஒவ்வொரு முறை தூக்கம் மெலியும்போதும் ஆட்டக் கேட்கும். தூக்கத்தின் ஒரு சுற்று குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் அசைவது இயல்பு. அந்த அசைவுக்கெல்லாம் நாம் எழுந்தால், இல்லாத விழிப்பை நாமே உண்டாக்குகிறோம். கூர்ந்து பாருங்கள்: கண் மூடியிருக்கும், உதடு பால் குடிப்பது போல அசையும், காலை ஒரு முறை தூக்கிப் போடும், தலையை இரண்டு பக்கமும் திருப்பும், மெல்ல முனகும். இது விழிப்பு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள், பாதி நாள் தானாகவே அடங்கிவிடும். கண்ணைத் திறந்து, குரல் ஏறினால்தான் போக வேண்டும்.

இந்தப் பொறுத்துப் பார்ப்பது வேறு, நீண்ட நேரம் அழவிட்டுப் பழக்குவது வேறு. செல்லூரிலும் சிம்மக்கல்லிலும் சுவரொட்டிய வீடுகளில் பத்து நிமிடம் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிடுவார். அது நல்ல ஊர்ப் பழக்கம், அதை மாற்ற வேண்டாம். நம் வீடுகளுக்கு அழவிடும் முறை ஒத்துவராது என்று விட்டுவிடலாம்.

தூளியைப் பற்றி ஒரு வார்த்தை. தாய் தூங்கிக்கொண்டிருக்க, குழந்தை தூளியில் தனியாகக் கிடப்பது பத்திரமில்லை. வளைந்த துணியில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்கலாம். தூளியில் தூங்க வைத்துப் பாயில் இறக்கிவிடுவது நல்லது. புரண்டு குப்புறப் படுக்கவோ எழுந்து உட்காரவோ தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும். அதேபோல, அசதியோடு நாற்காலியிலோ சோபாவிலோ சாய்ந்து பால் கொடுக்காதீர்கள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டால் குழந்தை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். பல் வந்த குழந்தைக்குப் புட்டிப்பாலை வாயில் வைத்தபடியே தூங்க வைத்தால் பல் சொத்தையாகும்.

## வழி 5: முறை போட்டுக்கொள்வது

குழந்தை நாலரைக்கு எழட்டும், தாய் எழ வேண்டாம். நாலரைக்குப் பால் கொடுத்துவிட்டு, அப்பாவிடமோ தாத்தாவிடமோ அப்பத்தாவிடமோ ஒப்படைத்துவிட்டு வேறு அறையில் போய் ஆறரை வரை படுப்பது. விட்டு விட்டுக் கிடைக்கும் தூக்கத்தை விட, சேர்ந்தாற்போல் கிடைக்கும் இரண்டு மணி நேரம் ஆளை மீட்கும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வயதானவர்கள் எப்படியும் நாலு மணிக்கு விழித்துவிடுகிறார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பேரனும் விழித்திருக்கிறான், இருவருக்கும் வேறு வேலையில்லை. மறைவான செலவு வாய்ப்பேச்சில் வரும். "நாங்கெல்லாம் ஆறு பெத்தோம், ஒருத்தரும் கைமாத்தி விடலை" என்பது மாதிரி. இந்த ஏற்பாட்டை மருமகள் கேட்கக் கூடாது, மகன்தான் தன் தாயிடம் கேட்க வேண்டும். "அம்மா, காலைல ரெண்டு மணி நேரம் இவனப் பாத்துக்கங்க, அவ தூங்கட்டும்" என்று அவர் வாயால் வந்தால் பேச்சுக் குறையும். அவரே எழுந்து பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற அப்பா என்றால் அவரது விடுமுறை நாளாவது தாயின் நாளாக இருக்கட்டும்.

நாலரைப் பாலுக்கும் தாய் எழ முடியாத நிலை என்றால், கறந்து வைத்த தாய்ப்பால் உதவும். சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குச் சொன்ன கணக்கு. மதுரை அறைகள் பெரும்பாலான மாதங்களில் அதைத் தாண்டிவிடும், அதனால் கறந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் தாங்கும். தனிக்குடித்தனத்தில், கணவர் வெளியூரில், மற்றவர் யாரும் இல்லை என்றால் இந்த வழியை எழுதிப் பயனில்லை. அவர்களுக்கு முதல் வழியும், பகலில் குழந்தை தூங்கும்போது பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தாமும் படுப்பதும்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பொருந்தும் வயது | பலன் தெரிய | பணம் | மறைவான செலவு | தாய்க்குக் கிடைக்கும் தூக்கம் |
|---|---|---|---|---|---|
| வீடே நேரம் மாறுவது | எல்லா வயதும் | உடனே | இல்லை | மாலை நேரம், அப்பாவோடு இருக்கும் பொழுது | சீக்கிரம் படுக்க முடிந்தால் நன்று |
| அறையை மாற்றுவது | எல்லா வயதும் | 4, 5 நாள் | குறைவு, ஏசி என்றால் அதிகம் | கோடையில் புழுக்கம் | பலித்தால் ஒரு மணி நேரம் வரை கூடும் |
| நேரம் நகர்த்துவது | 6 மாதத்துக்கு மேல் | 2, 3 வாரம் | இல்லை | முதல் வாரச் சிணுங்கல், விசேஷங்களுக்குப் போக முடியாமை | முதலில் குறையும், பிறகு நிலைக்கும் |
| பால், தூளி | முக்கியமாக 6 மாதத்துக்குள் | அன்றே | இல்லை | பழக்கம், முதுகுவலி | உடைந்த தூக்கம் |
| முறை போடுவது | எல்லா வயதும் | மறுநாளே | இல்லை | குடும்பப் பேச்சு | சேர்ந்தாற்போல் 2 மணி நேரம் |

## நான் சொல்லும் வரிசை

ஐந்தாவது வழியை முதல் நாளே தொடங்குங்கள். அது குழந்தையின் நேரத்தை மாற்றாது, ஆனால் மற்றதைச் செய்யத் தாய்க்குத் தெம்பு தரும். கணக்கு எழுதுவதும் அறையின் சத்தம், காற்றைச் சரிசெய்வதும் அந்த வாரத்திலேயே. ஒரு வாரம் போன பின், தூக்கம் போதவில்லை என்று கணக்கு காட்டினாலோ, தூக்கம் போதும் ஆனால் அந்த நேரம் வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்றாலோ, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு மூன்றாவது வழிக்குப் போங்கள். போதுமான தூக்கம் இருக்கிறது, குழந்தையும் பகலில் சிரித்து விளையாடுகிறது, வீட்டுக்கும் அந்த நேரம் ஒத்துவரும் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம் என்பது மூன்றாவது வழிக்கு மட்டும் கண்டிப்பான விதி.

தூக்கத்துக்கென்று எதையும் ஊட்ட வேண்டாம். சாதிக்காயும் வசம்பும் உரைத்த உரமருந்து, சளி சிரப், யாரோ சொன்ன சொட்டு மருந்து, எல்லாமே இதில் அடக்கம். சாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, பச்சைப்பிள்ளைக்கு எது அளவு என்று உரைகல்லில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பதும் கூடாது. அரிதாக என்றாலும், தேனில் உள்ள கிருமி நரம்புகளை முடக்கும் நோயைக் கொண்டுவரும். வயிறு நிறைந்தால் தூங்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே கஞ்சி கொடுப்பதும் வேண்டாம்.

## எப்போது மருத்துவரிடம் போவது

நேற்றுவரை ஒழுங்காக இருந்த குழந்தை திடீரென்று அதிகாலையில் வீறிட்டு அழுதால், படுக்க வைத்ததும் அழுகை கூடினால், காதைப் பிடித்து இழுத்தால், குறட்டையோ வாயால் மூச்சு விடுவதோ இருந்தால், எடை கூடாமல் நின்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்கு மேல் இரவில் ஆசனவாயை அரித்துக்கொண்டே இருந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் தூக்கத்தைக் கலைக்கும். ஆறு மாதத்திலிருந்து குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பைப் பற்றி அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வருகிறது என்றால், குழந்தையின் நேரத்தைச் சரிசெய்வது அப்புறம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மருத்துவத்தால் குணமாகிறது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனித்தால் அவர்களே அழைத்துப் போக வேண்டும். மனநல உதவிக்கு 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார ஆலோசனைக்கு 104, இரண்டும் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.